ஒன்பது பேர் இருந்த பாடவேளை

எமது வகுப்பு இடாப்பில் 31 பெயர்கள் உள்ளன. சென்ற தவணையில் ஒரு செவ்வாய்க்கிழமை பௌதிகவியல் பாடவேளைக்கு இருந்தவர்கள் 9 பேர். மற்றவர்கள் எங்கே என்று ஆசிரியை கேட்கவில்லை. கேட்டுக் கேட்டு அவருக்கும் சலித்துவிட்டது.

உயர்தர இரண்டாம் வருடம் என்றால் நகரப் பாடசாலைகள் பலவற்றில் இதுதான் நிலைமை. பாடசாலைப் பரீட்சார்த்தியாகத் தோற்ற 80 சதவீத வரவு வேண்டும் என்பது விதி. அந்த விதியை மருத்துவச் சான்றிதழால் எப்படிச் சமாளிப்பது என்பதும் எம்மில் பலருக்குத் தெரியும்.

நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தியாகத்தான் இருந்தேன். தகரக் கூரை மண்டபத்தில் நூற்றுக்கணக்கானோருடன் நெருங்கி அமர்ந்து, ஒலிவாங்கியில் வரும் குரலைக் கேட்டு எழுதினேன். சந்தேகம் கேட்க வழியில்லை. மாதம் முடிந்ததும் வாப்பா கட்டணத்தை எண்ணிக் கொடுப்பார். 1945 இல் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் கிடைத்த இலவசக் கல்வி பற்றி நாம் தமிழ்த் தினப் போட்டியில் பேசுவோம், பரிசும் வாங்குவோம்.

அன்று வகுப்பில் இருந்த ஒன்பது பேரில் ஒருத்தி கரையோரக் கிராமத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருபவள். இரவு வகுப்புக்குப் போனால் திரும்பிவர பஸ் இல்லை, கூட்டிவர வீட்டில் மோட்டார் சைக்கிளும் இல்லை. கட்டணமோ நினைத்தும் பார்க்க முடியாதது. அவள் என்னிடம் சொன்னாள்: "நீங்க எல்லாரும் வராட்டி டீச்சர் புதுப் பாடம் தொடங்குறாவில்லை. எனக்கு வேற வகுப்பு இல்லையே புள்ள."

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. நாம் வராததால் பாடம் நகர்வதில்லை. பாடம் நகராததால் பாடசாலையில் படிப்பிப்பதில்லை என்று நாமே வீட்டில் சொல்கிறோம்.

முழுப் பழியும் மாணவியர் மீதல்ல. இணைந்த கணித ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போய் ஐந்து மாதங்கள் வரை பதிலாள் வரவில்லை. அப்போது வெளி வகுப்புக்குப் போகாமல் வேறென்ன செய்வது? ஆனால் ஆசிரியை வந்து நிற்கும் பாடத்தை நாம் விட்டுப்போவதற்கு அந்தச் சாட்டு பொருந்தாது.

சொல்லக் கூசும் இன்னொன்றும் உண்டு. பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் தரப்படியும், 55 சதவீதம் மாவட்டப்படியும், 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகின்றன. ஆகவே பக்கத்து மேசைக்காரிதான் எமக்கு முதல் போட்டி. அவள் பின்தங்கினால் பரவாயில்லை என்று யாரும் வாய்திறந்து சொல்வதில்லை. நாம் செய்வது மட்டும் அதுதான்.

பிரத்தியேக வகுப்பை நிறுத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. பாடசாலை நாட்களில் பிற்பகல் 2 மணிக்கு முன் வகுப்பு வைக்க வேண்டாம் என்று பெற்றோர் ஒன்றுசேர்ந்து சொன்னால் போதும். கட்டணம் கொடுப்பவர்கள் சொன்னால் அங்கே கேட்பார்கள்.

நாங்கள் ஐந்து பேர் முதலில் திரும்பி வந்தோம்; பிறகு இன்னும் சிலர். போன செவ்வாய் 18 பேர் இருந்தோம். ஆசிரியை ஒன்றும் பேசாமல் ஆய்வுகூடத் திறப்பை எடுத்துவந்தார். கொப்பியில் எத்தனையோ தடவை வரைந்த சுரமானியை அன்றுதான் தூசு தட்டிக் கையால் தொட்டோம். கம்பியை முதலில் மீட்டியவள் அந்தக் கரையோரப் பிள்ளை.