தூங்கிட்டு வாங்க!

அதிகாலை மூன்றரை மணி. பெங்களூரில் இருந்து சேலம் நோக்கி வரும் ஒரு சரக்கு லாரி தொப்பூர் கணவாயை நெருங்குகிறது. டிரைவர் முந்தின நாள் காலை ஆறு மணிக்கு எழுந்தவர். பகல் முழுக்க குடோன் வாசலில் லோடுக்காகக் காத்திருந்தார். இருட்டிய பிறகுதான் வண்டி கிளம்பியது. வழியில் இரண்டு டீ, முகத்தில் தண்ணீர், சத்தமாகப் பாட்டு... எல்லாம் ஆயிற்று. ஆனாலும் இமை கனக்கிறது.

நெடுஞ்சாலைகளில் தினமும் நடக்கும் காட்சிதான் இது.

‘அனுபவசாலி, சமாளிச்சுடுவார்’ என்று நினைக்கிறோம். தூக்கம் அனுபவத்துக்குக் கட்டுப்படாது. களைத்த மூளை, கண் திறந்திருக்கும்போதே சில விநாடிகள் தூங்கிவிடும். தூங்கியது அவருக்கே தெரியாது. 80 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் 22 மீட்டர் ஓடுகிறது. நான்கு விநாடி கண் அசந்தால், கிட்டத்தட்ட 90 மீட்டர் தூரத்துக்கு அந்த லாரியில் டிரைவரே இல்லை.

தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் நிதானம், ரத்தத்தில் 0.05 சதவிகித ஆல்கஹால் இருப்பவரின் நிலைக்கு இறங்கிவிடுகிறது என்கின்றன ஆய்வுகள். நம் நாட்டில் சட்டம் அனுமதிக்கும் அளவே 0.03 சதவிகிதம்தான். அதாவது, ஒரு சொட்டுகூடக் குடிக்காமல் வரம்பைத் தாண்டிய நிலை. குடித்தவரை ஊதச் சொல்லிப் பிடிக்கலாம். தூக்கத்தை எப்படிப் பிடிப்பது?

சட்டம் இல்லாமல் இல்லை. 1961-ம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், பொதுவாக நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை என்றது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டாமல், இடையில் அரை மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்றும் அது சொன்னது. ஆனால், குடோன் வாசலில் காத்துக்கிடந்த நேரத்தை யார் கணக்கில் எடுக்கிறார்கள்? அது வேலையிலும் சேராது; ஓய்வும் ஆகாது. லோடு ஏறிய நிமிடத்தில் இருந்து ‘எப்ப இறக்குவே?’ என்று போன் அடிக்க ஆரம்பித்துவிடும். டிரிப் கணக்கில் கூலி என்றால், தூங்கும் நேரம் நஷ்டம். பல லாரிகளில் இப்போது கிளீனரும் இல்லை. பேச்சுத்துணைக்குக்கூட ஆள் கிடையாது.

சரி, நிறுத்தித் தூங்கலாம் என்றால் எங்கே நிறுத்துவது? சாலையோரம் நிறுத்தினால் பின்னால் வரும் வண்டி மோதும். ஒதுக்குப்புறம் என்றால் டீசல் திருட்டு, தார்ப்பாயைக் கிழித்துச் சரக்குத் திருட்டு. பகலில் கேபின் அடுப்பாகக் கொதிக்கும். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம் என்பது நல்ல விஷயம். ஆனால், பழைய லாரிகள் இன்னும் பல வருடம் ஓடும்.

அடிக்கடி கொட்டாவி, கடைசி சில கிலோமீட்டர் எப்படி வந்தோம் என்றே நினைவில்லாமை, வண்டி கோட்டைத் தாண்டுவது... இவை வந்துவிட்டால் பாட்டும் தண்ணீரும் உதவாது. பெட்ரோல் பங்க், தாபா என வெளிச்சமான இடத்தில் அனுமதி கேட்டு நிறுத்த வேண்டும். ஒரு காபி குடித்துவிட்டு உடனே 20 நிமிடம் தூங்கலாம். காபி வேலை செய்யத் தொடங்கும் நேரமும் விழிக்கும் நேரமும் சரியாக இருக்கும். எழுந்ததும் சில நிமிடம் நடந்துவிட்டுத்தான் ஸ்டியரிங்கைத் தொட வேண்டும். இது தற்காலிகத் தீர்வுதான். உண்மையான மருந்து, முழு இரவுத் தூக்கம்.

காரில் போகும் குடும்பங்களுக்கும் இதே விதிதான். நாள் முழுக்க ஆபீஸில் உழைத்துவிட்டு, அன்றிரவே குலதெய்வக் கோயிலுக்குக் கிளம்பும் அப்பாவும் களைத்த டிரைவர்தான். உடல் தூக்கத்துக்கு ஏங்கும் பின்னிரவு 2 மணி முதல் விடியும்வரை வண்டி எடுக்காமல் இருப்பதே நல்லது. முன்னால் போகும் லாரி அலைபாய்ந்தால், ஒட்டிப் போகாமல் விலகி நிற்பதே புத்திசாலித்தனம்.

லாரிக்காரர் வீட்டில் இருந்து தினமும் போகும் போனில் முதல் கேள்வி, ‘எப்ப வருவீங்க?’ என்பதாகத்தான் இருக்கும். பாசத்தில் கேட்பதுதான். ஆனால், அதுவும் ஆக்ஸிலேட்டரை அழுத்தும்.

இனி, ‘தூங்கினீங்களா?’ என்று கேட்கலாம். இல்லை என்றால், ‘தூங்கிட்டு வாங்க, காத்திருக்கோம்’ என்று சொல்லலாம்.