கைமாற்றும் கட்சி வேலைதான்

மங்கலம்பேட்டையில் கிளைக் கூட்டம் முடிந்து பாய் சுருட்டுகிற நேரத்தில் தோழர்கள் சிலர் நம்மைப் பிடித்துக் கொண்டார்கள். கேட்ட கேள்வி காரமாகவே இருந்தது. "சங்கம் கட்டு, கூலி உயர்வு கேள், கொடி பிடி என்கிறீர்கள், சரி. சூளையில் வேலை இல்லாத மாதத்தில் சோற்றுக்கு என்ன வழி? பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் இரவு பத்து மணிக்கு யார் வாசலில் போய் நிற்பது? முதலாளித்துவம் ஒழிகிற வரையில் நாங்கள் வாழ வேண்டாமா?" என்றார் ஒருவர். உடனே இன்னொரு தோழர் குறுக்கிட்டார்: "சீட்டு, கைமாற்று, சாவுச் செலவுக்கு வசூல் — இதெல்லாம் கட்சி வேலையா? தருமகர்த்தா வேலை! தொழிலாளியைப் போராட்டத்திலிருந்து திருப்பி விடுகிற வேலை" என்றார்.

இருவரும் நேர்மையான தோழர்கள். இருவர் சொன்னதிலும் உண்மை உண்டு. பஸ் வந்துவிட்டதால் அங்கே அரைகுறையாகப் பதில் சொல்லிவிட்டு வந்தோம். மீதியை இங்கே எழுதுகிறோம்.

முதலில் நிலைமையைப் பார்ப்போம். விருத்தாசலம் பீங்கான் என்றால் நாடறியும். பொம்மை, அகல் விளக்கு, மின்சாரப் பியூஸ் கட்டை என்று அங்கே உருவாகும் பொருள் இல்லாத வீடு குறைவு. பீங்கான் தொழிற்பேட்டையும் இருக்கிறது. பீங்கான் தொழிலைக் கற்றுக் கொடுக்கும் அரசுக் கல்வி நிலையமும் இருக்கிறது. ஆனால் தொழிலைத் தாங்கி நிற்பது சின்னச் சின்னக் கொட்டகைகள். ஐந்து பேர், எட்டுப் பேர். அச்சில் ஊற்றுவது, காய வைப்பது, துடைப்பது, சூளையில் அடுக்குவது. பெரும்பாலும் பெண்கள். எண்ணிக்கைக்குக் கூலி. மழை பிடித்துக் கொண்டால் பச்சைச் சரக்கு காயாது. சரக்கு காயாவிட்டால் கூலி இல்லை.

இந்த "ஐந்து பேர், எட்டுப் பேர்" என்ற கணக்கில்தான் சூட்சுமம் இருக்கிறது. இ.எஸ்.ஐ. பாதுகாப்பு பொதுவாகப் பத்துப் பேர் வேலை செய்யும் இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், மின்சாரம் உள்ள இடத்தில் பத்துப் பேர், மின்சாரம் இல்லாத இடத்தில் இருபது பேர் இருந்தால் அது தொழிற்சாலை என்றது. 2025 நவம்பர் 21 அன்று மத்திய அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நடைமுறைக்குக் கொண்டுவந்து, பழைய 29 சட்டங்களை மூட்டை கட்டி வைத்தது. புதிய கணக்கில் இருபதும் நாற்பதும் ஆகிவிட்டன. எட்டுப் பேர் கொட்டகை முன்பும் வெளியே நின்றது. இப்போது பதினெட்டுப் பேர் கொட்டகையும் வெளியே வந்து அதன் பக்கத்தில் நிற்கிறது. இதைச் "சீர்திருத்தம்" என்று அழைக்கிறார்கள். யாருக்குச் சீர், யாருக்குத் திருத்தம் என்பதை வாசகர்களே தீர்மானித்துக் கொள்ளலாம்.

கொட்டகைக்குள் பறக்கும் தூசி ஆள் எண்ணிக்கை பார்த்துப் பறப்பதில்லை. பீங்கான் கலவையில் இருக்கும் சிலிக்காத் தூசி, ஆண்டுக்கணக்கில் சுவாசத்தோடு போய் நுரையீரலைத் தழும்பாக்கும். சிலிக்கோசிஸ் என்பது அதன் பெயர். வந்த பிறகு தீர்க்கும் மருந்து கிடையாது. இருமலைக் கண்டு காசநோய் என்று எழுதி அனுப்பிவிடுவதும் உண்டு. 1923ஆம் ஆண்டு நஷ்ட ஈட்டுச் சட்டம் இதைத் தொழில் நோய் என்று ஒப்புக்கொண்டது. ஆனால் நஷ்ட ஈடு கேட்பவர் இன்ன இடத்தில் இத்தனை ஆண்டு வேலை செய்தேன் என்று நிரூபிக்க வேண்டும். சம்பளச் சீட்டே கண்ணால் காணாதவர் எதைக் காட்டுவார்? பக்கத்தில் உட்கார்ந்து துடைத்தவரின் சாட்சிதான் காட்டலாம். அந்தச் சாட்சி சொல்ல வருவாரா, மாட்டாரா? தோழர்களே, "பரஸ்பர உதவி" என்று நாம் பேசும்போது பாயசம் பகிர்ந்து குடிப்பதைச் சொல்லவில்லை, இதைத்தான் சொல்லுகிறோம்.

கடன் விஷயத்துக்கு வருவோம். வாரந்தோறும் வசூலுக்கு வரும் சிறு கடன் கம்பெனிகளை அறியாத தெரு இன்று கிடையாது. நிலம் கேட்பதில்லை, நகை கேட்பதில்லை. பத்துப் பெண்கள் சேர்ந்து வாருங்கள் என்கிறார்கள். ஒருத்தி கட்டத் தவறினால் மற்றவர்கள் கட்ட வேண்டும். இதன் பொருள் என்ன? நமது பெண்களுக்குள்ளே இருக்கும் நம்பிக்கையும், ஒருத்தி மானம் போகாமல் இன்னொருத்தி காப்பாற்றும் குணமும் அவர்களுக்கு ஈடு! ஏழையிடம் ஒன்றும் இல்லை என்று ஊரெல்லாம் சொல்லிக் கொண்டிருந்தபோது, ஏழையிடம் ஒற்றுமை என்ற சொத்து இருக்கிறது என்று கண்டுபிடித்து, அதை அடமானம் வாங்கிக் கொண்டு, நூற்றுக்கு இருபதுக்கு மேல் ஆண்டு வட்டி போடுகிறது மூலதனம். 2022 ஏப்ரல் முதல் ரிசர்வ் வங்கி இந்த வட்டிக்கு இருந்த உச்சவரம்பையும் எடுத்துவிட்டது. கடைசியில் வசூல்காரன் திண்ணையில் உட்கார்ந்திருக்க, தோழி தோழியைத் திட்டுகிறாள். நேற்றுவரை உப்பும் மிளகாயும் மாற்றிக் கொண்டவர்கள் இன்று முகம் பார்ப்பதில்லை.

கடன் வசூலில் மிரட்டலைத் தடுக்கத் தமிழ்நாடு சட்டசபை 2025 ஏப்ரலில் ஒரு சட்டம் நிறைவேற்றியது. வரவேற்கிறோம். ஆனால் சட்டம் மிரட்டுகிறவனைத் தடுக்கலாம். கடன் வாங்கும் அவசியத்தைத் தடுக்குமா? இரவு பத்து மணிக்குக் காய்ச்சல் வந்தால் அப்போதும் பணம் வேண்டும். அந்தப் பணம் பக்கத்து வீட்டுக் கைமாற்றாக வருகிறதா, கம்பெனிக் கடனாக வருகிறதா என்பதில் அரசியல் இல்லை என்று யார் சொல்ல முடியும்?

"போராட்டத்திலிருந்து திருப்புகிற வேலை" என்று சொன்ன தோழருக்கு ஒரு பழைய செய்தி. 1908 பிப்ரவரி கடைசியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வெள்ளைக்காரன் ஆலை, வெள்ளைக்காரன் கலெக்டர், வெள்ளைக்காரன் போலீஸ். தொழிற்சங்கச் சட்டம் என்ற ஒன்று பிறக்க இன்னும் பதினெட்டு ஆண்டுகள் இருந்தன. வ.உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் பேசினார்கள் என்பது பாடப் புத்தகத்தில் இருக்கிறது. பேச்சைக் கேட்டு வெளியே வந்த குடும்பங்கள் எதைத் தின்று நின்றன என்பதைப் பாடப் புத்தகம் அதிகமாகச் சொல்வதில்லை. நகரத்தில் பணம் திரட்டப்பட்டது. வேறு இடங்களில் தற்காலிக வேலை தேடிக் கொடுக்கப்பட்டது. வேலைநிறுத்தத்தை எதிர்த்தவருக்குச் சவரம் செய்யச் சவரத் தொழிலாளி மறுத்தார். ஒன்பது நாள்! கூலி உயர்வும் வார விடுமுறையும் வேலை நேரக் குறைப்பும் கிடைத்தன. மார்ச் 12ஆம் தேதி தலைவர்களைக் கைது செய்தபோது, அதே தொழிலாளர்கள் தங்கள் கூலிக்காக அல்ல, தலைவர்களுக்காக மறுபடி வெளியே வந்தார்கள். முதலில் ஊர் அவர்களுக்குக் கஞ்சி ஊற்றியது. பிறகு அவர்கள் ஊருக்காக நின்றார்கள். இதிலே எது தருமம், எது போராட்டம் என்று பிரித்துக் காட்டத் தோழரால் முடியுமா?

இன்னொன்று, நமக்குப் பக்கத்து மாநிலத்துச் செய்தி. 1966ல் பீடித் தொழிலாளர் சட்டம் வந்தது. கேரள அரசு அதை அமலாக்கத் துணிந்ததும், மங்களூர் முதலாளிகள் 1968ல் கண்ணூர்ப் பகுதிப் பீடிக் கூடங்களை இழுத்து மூடினார்கள். ஏறத்தாழ 12,000 பேர் தெருவுக்கு வந்தார்கள். சட்டம் கேட்டால் இதுதான் கதி என்று காட்டுவது நோக்கம். தொழிலாளர்களோ 1969 பிப்ரவரியில் தங்கள் கூட்டுறவையே தொடங்கிவிட்டார்கள். அதுதான் தினேஷ் பீடி. அரசு முதல் கொடுத்து உதவியது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அந்த அரசைக் கொண்டுவந்ததும் போராட்டந்தான். பின்னாளில் 40,000க்கு மேற்பட்டோர் அதில் உழைத்தார்கள். சட்டப்படியான கூலி, விடுமுறைச் சம்பளம், ஓய்வுக் காலத்துக்கு ஏற்பாடு எல்லாம் பெற்றார்கள்.

நம்மை மிகவும் கவர்ந்தது வேறொன்று. கண்ணூர்ப் பக்கத்துப் பீடிக் கூடங்களில் கூட்டுறவுக்கு முன்பிருந்தே ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிப்பார். மற்றவர்கள் சுற்றிக் கொண்டே கேட்பார்கள். படிப்பவருக்கு அந்த நேரத்துக் கூலி போய்விடுமே? போகாது. அவர் பங்குப் பீடியை மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் சேர்த்துச் சுற்றிக் கொடுத்துவிடுவார்கள். எந்தச் சட்டத்திலும் இல்லாத ஏற்பாடு. இப்படிப் பழகியவர்கள் என்பதால்தான் கதவடைப்பு வந்த அன்று அவர்களுக்குக் கூட்டுறவு புதிய சரக்காகத் தெரியவில்லை. பீடிக்குச் சந்தை சுருங்கியபோது உணவுப் பொருள், குடை என்று அந்த நிறுவனம் தொழில் மாற்ற வேண்டியதாயிற்று. வேலை செய்வோர் தொகையும் குறைந்துவிட்டது. முதலாளித்துவக் கடலில் கூட்டுறவு ஒரு தோணி; அலை அதையும் ஆட்டும். தோணி கிடைத்தது என்று கடலை மறந்தவர்கள் உண்டு. தமிழ்நாட்டிலே பல கூட்டுறவுச் சங்கங்கள் ஆளுங் கட்சிப் பிரமுகர்களின் திண்ணையான கதையையும் நாம் பார்த்திருக்கிறோம்.

அடுத்து ஒரு கசப்பான விஷயம். நம் ஊர்களில் உதவி செய்யும் பழக்கம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் மொய் விருந்து வைத்து, வட்டியில்லாமல் பெருந்தொகை திரட்டித் தொழிலுக்கே முதல் போடுகிறார்கள். அங்கேயும் போட்டவருக்குத்தான் திரும்ப வரும். போட ஒன்றுமில்லாதவர் பெயர் நோட்டில் ஏறாது. நம் பக்கத்திலும் சாவுக்கும் கலியாணத்துக்கும் கூடுகிறோம். ஆனால் யார் கூடுகிறோம்? ஊர் ஊரோடு, காலனி காலனியோடு. பள்ளிவாசல் தெருவின் உதவி அந்தத் தெருவோடு. கொட்டகையில் ஒரே தூசியைத் தின்று, ஒரே சூளை வெப்பத்தில் வேகிறவர்கள், மாலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நாலு திசையில் நாலு சாதியாகப் போய்விடுகிறார்கள். சாதிக்குள் செய்யும் உதவிக்குச் சாதி சங்கம் போதும். அதற்குச் செங்கொடி வேண்டாம். ஊர்த் தெருக்காரர் காலனியில் விழுந்த சாவுக்குப் போய்ப் பந்தல் கால் பிடிக்கிறாரா, அங்கே தண்ணீர் வாங்கிக் குடிக்கிறாரா என்பதை வைத்துத்தான் நமது சங்கத்தின் கனத்தை எடை போட வேண்டும். இந்த இடத்தில் நமது தோழர்களிலேயே சிலர் தலை குனிய வேண்டியிருக்கும். குனியட்டும்.

ஆகவே மங்கலம்பேட்டைத் தோழர்களுக்கு நாம் சொல்வது: கைமாற்று நிதி ஒன்று வையுங்கள். கட்சி நிதியோடு அதைக் கலக்காதீர்கள். கணக்கைப் பெண் தோழர்களிடம் கொடுங்கள். யார் வீட்டு அடுப்பு எரியவில்லை என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். மாதம் ஒரு நாள் கணக்கைச் சத்தமாகப் படியுங்கள். உறுப்பினரா, இல்லையா என்று பார்த்துக் கொண்டு நிற்காதீர்கள். சங்கத்தில் சேராதவர் வீட்டுப் பிள்ளைக்கும் காய்ச்சல் வரும்.

அதோடு விடாதீர்கள். 1982ஆம் ஆண்டு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் மாநிலத்தில் நல வாரியங்கள் இருக்கின்றன. விபத்து நிதி, கல்வி உதவி, ஓய்வூதியம் எல்லாம் பதிவு செய்தவருக்குத்தான். பதிவு செய்யாதவர், புதுப்பிக்க மறந்தவர் யார் யார் என்று தெருத் தெருவாகப் பட்டியல் எடுங்கள். கொட்டகை வாரியாக ஒரு நோட்டுப் போடுங்கள்: இன்னார், இன்ன கொட்டகையில், இந்த ஆண்டு முதல், இன்ன வேலை, பக்கத்தில் வேலை செய்யும் இருவரின் கையெழுத்து. இருமல் நிற்காதவரைத் தனியாக ஆஸ்பத்திரிக்கு அனுப்பாதீர்கள். கூட ஒருவர் போகட்டும். மார்பு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லட்டும். பீங்கான் வேலை என்பதை டாக்டரிடம் சொல்லிச் சீட்டில் எழுதச் சொல்லட்டும். கூடப் போகிறவருக்கு அன்றைய கூலியை நிதியிலிருந்து கொடுங்கள். நாளை நஷ்ட ஈட்டு வழக்கு வந்தாலும், இருபது பேர் கணக்கை எதிர்த்து மனுக் கொடுத்தாலும், கையில் இருக்கப் போவது இந்த நோட்டும் இந்தச் சீட்டுந்தான்.

வசூலுக்குக் காலம் பார்க்க வேண்டும். கார்த்திகை விளக்கு ஆர்டர் வந்து, கொட்டகைகளில் இரவு வேலையும் நடக்கிற ஆடி, ஆவணி, புரட்டாசியில் வாரக் கூலியில் கொஞ்சம் பிடித்து வையுங்கள். ஐப்பசியில் மழை பிடித்துச் சரக்கு காயாமல் கொட்டகை சும்மா கிடக்கும்போது, முதல் வாரமே வீட்டுக்கு வீடு அரிசி போய்ச் சேர்ந்துவிட வேண்டும். அந்த வாரத்தில்தான் கடன் கம்பெனிக்காரன் மோட்டார் சைக்கிளில் வருவான்.