ஆர்வம் இல்லையாம்

போன மாதம் உடையார்கட்டில் இருந்து சித்தியின் மகன் ஒரு ஸ்கிரீன்ஷொட் அனுப்பினான். "அக்கா, இதுக்கு என்னெண்டு போடுறது?"

ஒரு கேம் எஞ்சின் கொம்பனியின் கருத்துக் கணிப்புப் படிவம். தங்கள் மென்பொருளை லினக்ஸுக்கும் கொண்டுவரலாமா என்று யோசிக்கிறார்களாம். அதற்கு முதல் டெவலப்பர்மாருக்கு எவ்வளவு ஆர்வம் இருக்கிறது என்று அளந்து பார்க்கிறார்களாம். கொம்பனியின் பெயர் இங்கே தேவையில்லை, கேள்விகள்தான் தேவை. முதலாவது: எங்கள் எஞ்சினை எவ்வளவு காலமாகப் பாவிக்கிறீர்கள்? ஒரு வருடத்துக்குக் குறைவு, ஒன்று முதல் மூன்று, மூன்றுக்கு மேல். இரண்டாவது: இதுவரை எத்தனை கேம் வெளியிட்டிருக்கிறீர்கள்? மூன்றாவது: லினக்ஸ் பதிப்பு வந்தால் வருடத்துக்கு எவ்வளவு கட்டத் தயார்?

தம்பி இடறினது முதலாவது கேள்வியிலேயே. அவனிடம் இருப்பது லினக்ஸ் மட்டும் போட்ட லப்டொப். அந்த எஞ்சின் லினக்ஸில் ஓடாது. ஆகவே அவன் அதை ஒருநாளும் பாவித்ததில்லை. 'பாவித்ததில்லை' என்று ஒரு பெட்டி அந்தப் படிவத்தில் இல்லை.

என்னுடைய கோபம் அந்த இல்லாத பெட்டியில்தான் தொடங்கியது.

என்னை மாதிரிக் கலைப்பீடத்து ஆக்களுக்காக ஒரு சின்ன விளக்கம். கேம் எஞ்சின் என்பது ஒரு பட்டறை. படத்தைத் திரையில் காட்டுவது, விழுந்த பந்தைத் துள்ளவைப்பது, விசையை அமத்தினால் ஆளை ஓடவைப்பது, சத்தம் போடுவது, இதெல்லாவற்றுக்குமான ஆயுதங்கள் அதற்குள் ஏற்கெனவே இருக்கும். நீங்கள் போய் உங்கட கேமைச் செய்ய வேண்டியதுதான். யுனிட்டி, அன்ரியல், கோடோ எல்லாம் அப்படியான பட்டறைகள். பட்டறை வின்டோஸில் மட்டும் திறக்கும் என்றால், வின்டோஸ் இல்லாதவன் வாசலோடு நிற்க வேண்டும்.

தம்பி ஏன் லினக்ஸுக்குப் போனான்? கொள்கைக்காக இல்லை. கனடாவில் இருக்கிற பெரியப்பா ஊருக்கு வந்தபோது விட்டுவிட்டுப் போன லப்டொப் அது, ராம் 4 ஜிபி. வின்டோஸ் 10 அதில் எழும்பிவர ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கலாம். அந்த வின்டோஸ் 10 க்கும் 2025 ஒக்டோபர் 14 உடன் மைக்ரோசொப்ட் ஆதரவை முடித்துவிட்டது, வின்டோஸ் 11 இந்தப் பழைய மெசினை ஏற்காது. 2022 இல் டொலர் 200 ரூபாயில் இருந்து 350 ஐத் தாண்டிப் போனபோது, புது லப்டொப் என்ற கதையே எங்கட வீடுகளில் நின்றுபோனது. ஒரு புது லப்டொப்பின் விலை, சித்தப்பா ஒரு போகம் முழுக்க வயலில் நின்று எடுக்கிற காசு. அதனால் ஒரு விடுமுறையில் போய் லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தேன். லப்டொப் உயிர்த்தது. பரந்தன்–முல்லைத்தீவு வீதியோரத்து வீட்டில் இருந்துகொண்டு அவன் ஒரு கிளித்தட்டு கேம் செய்யத் தொடங்கினான்.

கார் ஓட்டம், சூட்டிங், ஜொம்பி எல்லாம் உலகம் முழுக்க இருக்கிறது. கிளித்தட்டு இல்லை. அதைச் செய்யப்போகிறவன் எங்கட ஊர்களில் இருந்துதான் வர வேண்டும். படிவம் அளக்கத் தெரியாத ஆர்வம் இதுதான்.

வன்னிச் சனத்துக்குப் படிவம் புதுசில்லை. மீள்குடியேறின காலத்தில் வீட்டுக்கு வீடு 'தேவை மதிப்பீடு' நடந்தது. நான் அப்போது சின்னப்பிள்ளை, அம்மம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். கோழி வேணுமா, தையல் மெசின் வேணுமா? இரண்டு பெட்டி. "பிள்ளை, எங்களுக்கு முதல்ல கிணறு இறைக்க வேணும்" எண்டா மனிசி. கிணற்றுக்குப் பெட்டி இல்லை. கொஞ்ச நாளில் கோழி வந்தது. அறிக்கையில் எங்கட வீட்டின் தேவை கோழி என்றுதான் பதிந்திருக்கும். பொய்யில்லை, அம்மம்மா கைநாட்டு வைத்ததுதான்.

ஆய்வு முறையியல் வகுப்பில் எங்களுக்கு முதலில் சொல்லித் தருகிற விசயம்: மாதிரியை எங்கே எடுக்கிறாய் என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. பஸ் வராத தரிப்பிடத்துக்குப் போய் எத்தனை பேர் நிக்கினம் எண்டு எண்ணினால் பூச்சியம்தான் வரும். பிறகு "ஆக்கள் இல்லை, ஆகவே பஸ் விடத் தேவையில்லை" எண்டு எழுதலாம். கணக்கு சரி. கேள்விதான் பிழை. வின்டோஸில் மட்டும் ஓடுகிற எஞ்சினைப் பாவிக்கிறவர்களிடம் "உங்களுக்கு லினக்ஸ் வேணுமா?" என்று கேட்பதும் இதேதான். வேண்டியவர்கள் உள்ளே இல்லை.

இது ஏதோ ஒரு சின்னக் கொம்பனியின் பிழை மட்டும் என்று நினைக்க வேண்டாம். யுனிட்டியின் கதையைப் பாருங்கள். 2012 இல் வந்த யுனிட்டி 4 இல் இருந்து, செய்த கேமை லினக்ஸுக்கு ஏற்றுமதி செய்யலாம். அதாவது லினக்ஸ்காரர் வாங்கி விளையாடலாம். ஆனால் லினக்ஸில் இருந்து ஒரு கேமைச் செய்ய ஏலாது. செய்கிற எடிட்டர் 2015 ஓகஸ்டில்தான் வந்தது, அதுவும் 'பரிசோதனை' என்ற முத்திரையோடு. அந்த முத்திரையோடேயே கிட்டத்தட்ட நாலு வருடம் போனது. 2019 மே மாதத்தில்தான் முறையாக ஆதரிக்கப்போகிறோம் என்றார்கள். அப்போது சொன்ன காரணம் இன்னும் முக்கியம்: பரிசோதனைப் பதிப்பைப் பாவிப்பவர்கள் கூடியது ஒன்று, திரைப்படத்துறையிலும் கார் உற்பத்தித்துறையிலும் இருந்து கேள்வி வந்தது மற்றது.

கார்க் கொம்பனிகள் கேட்டதில் எனக்குக் கோபமில்லை. அவர்களால் இண்டைக்கு யுனிட்டி எடிட்டர் லினக்ஸில் ஓடுகிறது, நல்லது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எங்களை முதலில் வாங்குகிறவர்களாக எண்ணினார்கள், செய்கிறவர்களாக எண்ணக் கனகாலம் எடுத்தது. 2018 இல் வால்வ் கொம்பனி புரோட்டனைக் கொண்டுவந்தது, 2022 இல் ஸ்டீம் டெக் வந்தது. இப்போது ஆயிரக்கணக்கான வின்டோஸ் கேம்களை லினக்ஸில் விளையாடலாம். "பிறகென்ன பிரச்சினை?" என்று கேட்கிறார்கள். விளையாடுகிறவனுக்குப் பிரச்சினை குறைந்துவிட்டது. செய்கிறவனுக்குப் படிவம் வருகிறது.

மற்றப் பக்கத்தின் நியாயத்தையும் சொல்ல வேண்டும். லினக்ஸ் என்பது ஒன்றில்லை. உபுண்டு, மின்ட், பெடோரா என்று பல. ஒவ்வொன்றிலும் ஓடுகிறதா என்று பார்க்க ஆள் வேண்டும், அந்த ஆளுக்குச் சம்பளம் வேண்டும். லினக்ஸ்காரர் கொஞ்சப் பேர், முறைப்பாடு மட்டும் கனக்க என்ற புலம்பலும் இருக்கிறது. அது உண்மையும்தான். 'டெல்டா-வி: ரிங்ஸ் ஒப் சற்றேர்ன்' என்ற விண்வெளி கேமைச் செய்தவர் 2021 இல் தன் கணக்கை வெளியே வைத்தார். விற்ற 12,000 பிரதிகளில் லினக்ஸ்காரர் வாங்கியது சுமார் 700, அதாவது 5.8 சதவீதம். வந்த 1,040 பிழை அறிவிப்புகளில் சுமார் 400 லினக்ஸ்காரரிடம் இருந்து, அதாவது 38 சதவீதம்.

இந்த இரண்டு இலக்கத்தை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் மூன்றாவது இலக்கத்தைச் சொல்வதில்லை. அந்த 400 இல் லினக்ஸில் மட்டும் வருகிற பிழைகள் வெறும் 3. மிச்சமெல்லாம் வின்டோஸ்காரருக்கும் இருந்த பிழைகள், அவர்கள் எழுதி அனுப்பவில்லை, அவ்வளவுதான். லினக்ஸ்காரர் எந்த இடத்தில், எப்படி உடைந்தது என்று விபரமாக எழுதினார்கள். அந்தக் கேமைச் செய்தவர் அதைச் சுமையாகப் பார்க்கவில்லை, சம்பளமில்லாமல் கிடைத்த சோதனையாளர்களாகப் பார்த்தார்.

"லினக்ஸ்காரர் காசு கட்டமாட்டினம்" என்பது இன்னொரு கதை. 2010 மே மாதத்தில், விரும்பின விலையைக் கொடுக்கலாம் என்று முதலாவது ஹம்பிள் இன்டி பண்டில் வந்தபோது, சராசரியாகக் கூடக் கொடுத்தது லினக்ஸ்காரர்.

சரி, எங்கட தம்பி கட்டுவானா? கட்டமாட்டான். அவனிடம் காசும் இல்லை, கட்டுவதற்கு ஒரு கடன் அட்டையும் இல்லை. இதை மறைத்து எழுதினால் நானும் அந்தப் படிவக்காரர் மாதிரித்தான். ஆனால் காசில்லாத மாணவரை இந்தக் கொம்பனிகள் வேண்டாம் என்று சொல்வதில்லையே. யுனிட்டி 2009 இலேயே இலவசப் பதிப்பைக் கொடுத்தது. அன்ரியல் 2015 இல் மாதக் கட்டணத்தை எடுத்துவிட்டது. இண்டைக்குக் காசில்லாமல் பழகுகிறவன் நாளைக்கு விற்பான், அப்போது பங்கு வரும் என்ற கணக்கு. அந்தக் கணக்கு வின்டோஸ் மாணவனுக்குச் சரியென்றால் லினக்ஸ் மாணவனுக்கு ஏன் பிழை?

இனி எங்கட பக்கம்.

எங்கட ஊர்களில் லப்டொப் பழுதென்று கடைக்குக் கொடுத்தால் கள்ள வின்டோஸோடுதான் திரும்பி வரும். நாங்களும் சந்தோசமாக வாங்கி வருகிறோம். நானும் முதல் வருடம் முழுக்க அப்படித்தான் இருந்தேன். இதைக் களவு என்று மட்டும் பேசிப் பழகியிருக்கிறோம். இதற்குள் இன்னொரு விசயமும் இருக்கிறது. ஒவ்வொரு கள்ள வின்டோஸும் எங்களுக்கு எதிராக நாங்களே போடுகிற வாக்கு. கணக்கெடுப்பில் நாங்கள் வின்டோஸ்காரர். விற்பனைக் கணக்கில் நாங்கள் பூச்சியம். மைக்ரோசொப்ட்டின் வாடிக்கையாளரும் இல்லை, லினக்ஸின் ஆளும் இல்லை. இரண்டு புத்தகத்திலும் இல்லாத சனம். பிறகு "எங்களை ஆரும் எண்ணுறாங்கள் இல்லை" எண்டு முகப்புத்தகத்தில் அழுகிறோம்.

பள்ளிக்கூடக் கணினி அறைகளும் வேறில்லை. கேரளத்தின் அரசுப் பள்ளிக்கூடங்களில் இரண்டாயிரமாம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் இருந்தே லினக்ஸில்தான் கணினி படிப்பிக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு லினக்ஸ் ஒரு விசித்திரம் இல்லை, பள்ளிக்கூடத்துக் கொம்பியூட்டர், அவ்வளவுதான். எங்களுக்கு மட்டும் அது 'ஹக்கர்மாரின் சாமான்'.

இன்னும் கிட்டவான உதாரணம் வேண்டுமா? தமிழ் எழுத்து. 'கொ' என்று எழுதினால் கொம்பு முன்னுக்கும் அரவு பின்னுக்கும் வர வேண்டும். யுனிட்டியில் எல்லாரும் பாவிக்கிற டெக்ஸ்ட்மெஷ் புரோவுக்குக் கனகாலமாக அது தெரியாது, கொம்பு ஒருபக்கம் எழுத்து ஒருபக்கமாகச் சிதறிக் கிடக்கும். கோடோவின் பழைய பதிப்புகளும் அப்படித்தான். 2023 மார்ச்சில் வந்த கோடோ 4 இல் அது சரியானது. எத்தனை தமிழர் கேம் செய்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்து அதைச் செய்யவில்லை. உலகத்தின் எழுத்துகள் சரியாகத் தெரிய வேண்டும் என்று பங்களிப்பாளர்கள் இருந்து நிரல் எழுதினார்கள். அரபுக்கும் இந்திக்கும் தமிழுக்கும் சிங்களத்துக்கும் ஒன்றாகக் கதவு திறந்தது. முதலில் தலையை எண்ணியிருந்தால் நாங்கள் இன்னும் கொம்பைப் பொறுக்கிக்கொண்டுதான் இருப்போம்.

அதனால்தான் தம்பியை நான் கோடோவுக்குப் போகச் சொன்னேன். ஆர்ஜென்டினாவில் இரண்டு பேர் தொடங்கி, 2014 இல் மூலநிரலையே எல்லாருக்கும் திறந்துவிட்ட எஞ்சின் அது. திறந்த நாளில் இருந்தே லினக்ஸில் ஓடுகிறது. இறக்க 100 மெகாபைட்டும் தேவையில்லை, டேட்டா கார்ட் போட்டுப் பிழைக்கிற எங்களுக்கு அது பெரிய விசயம். பழைய மெசின்களுக்கென்று ஒரு தனிமுறையும் வைத்திருக்கிறார்கள். அதுவும் சொர்க்கமில்லை: பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில், தமிழில் கொஞ்சம்தான். ஆனால் அங்கே ஒருவரும் எங்களிடம் "எத்தனை பேர் இருக்கிறீங்கள்?" என்று வாசலில் நின்று கேட்பதில்லை.

உள்ளே எண்ணப்பட்டவர்களும் பாதுகாப்பாக இல்லை என்பதையும் பார்த்தோம். 2023 செப்டெம்பரில் யுனிட்டி, ஒரு அளவுக்கு மேல் போன கேம்களுக்கு ஒவ்வொரு இன்ஸ்டோலுக்கும் கட்டணம் என்று திடீரென்று அறிவித்தது. வருடக்கணக்காக உழைத்தவர்கள் தெருவில் நின்று கத்தின மாதிரிக் கத்தினார்கள். அடுத்த வருடம் அதைக் கைவிட்டார்கள்தான். ஆனால் அடுத்தவன் பட்டறையில் இருந்து வேலை செய்கிறவனின் நிலை என்னவென்று எல்லாருக்கும் ஒருமுறை தெரிந்துபோனது.

படிவக்காரருக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: ஆர்வத்தை அளக்க வேண்டுமென்றால், முதலில் சோதனைப் பதிப்பு ஒன்றை வெளியே விடுங்கள், பிறகு எண்ணுங்கள். உள்ளே இருக்கிறவர்களை எண்ணி வெளியே இருக்கிறவர்களுக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள். எங்கட பொடியள் பெட்டையளுக்கு: படிவம் வந்தால் நிரப்புங்கோ, பெட்டி இல்லையென்றால் பக்கத்தில் எழுதுங்கோ. உடைந்ததை விபரமாக அறிவியுங்கோ. ஒரு பாடத்தையாவது தமிழில் எழுதிப் போடுங்கோ. கள்ள வின்டோஸைக் கழற்றுங்கோ.

தம்பி கடைசியில் படிவத்தை நிரப்பினான். முதலாவது கேள்விக்கு ஒன்றும் போடாமல், கீழே 'வேறு கருத்துகள்' என்ற இடத்தில் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதி எனக்கும் தமிழில் சொன்னான்: "நான் உங்கட எஞ்சினைப் பாவிக்கேல்லை, ஏனெண்டா நீங்கள் விடேல்லை. வேற ஒண்டில கிளித்தட்டுச் செய்யிறன்."

முதலாவது கேள்வி கட்டாயமானதாம். படிவம் போகவில்லை.

அவன்ர கிளி இப்போது நடுக்கோட்டில் ஓடுகிறது. ஆனால் குறுக்குக்கோட்டுக்குத் திரும்பும் இடத்தில் நிற்காமல் கோட்டைத் தாண்டிப் போய்விடுகிறது. கோடோ தெரிந்தவை ஆரும் இருந்தால் கீழே எழுதுங்கோ, அவனிட்டச் சொல்லுறன்.