எழுதிய தாளைத் திருப்பிப் பாருங்கள்



ஐஐஎம்களில் சேர்வதற்கான கேட் தேர்வுக்கு எத்தனை மாதிரித் தேர்வு எழுதினாய் என்றுதான் பிள்ளைகள் கேட்டுக்கொள்கிறார்கள். அதில் எத்தனையைத் திருப்பிப் பார்த்தாய் என்று யாரும் கேட்பதில்லை. என் மகள் வாரத்துக்கு மூன்று எழுதினாள். மதிப்பெண் நகரவே இல்லை. பயிற்சி மையத்தில் கிடைத்த யோசனை, இன்னும் நான்கு எழுது என்பதுதான். அதற்குத் தனிக் கட்டணம் வேறு!

ஒரு ஞாயிறு முழுக்க இருவரும் பழைய விடைகளோடு உட்கார்ந்தோம். தெரியாமல் விட்ட கணக்கு கொஞ்சம்தான். இத்தேர்வில் மூன்று பகுதிகள், பகுதிக்கு 40 நிமிடம். ஒன்றில் மிஞ்சும் நேரம் அடுத்ததற்கு உதவாது. அவளோ ஒரே புதிரோடு 20 நிமிடம் மல்லுக்கட்டியிருக்கிறாள். சரியான விடைக்கு 3 மதிப்பெண். கொள்குறி வினாவில் தவறினால் 1 கழியும். விடையைத் தட்டச்சு செய்யும் வினாவில் கழிவு கிடையாது. இவள் குருட்டாம்போக்கில் அடித்ததெல்லாம் கொள்குறியில், வெறுமையாக விட்டதெல்லாம் தட்டச்சில்.

அதன்பிறகு வாரத்துக்கு ஒரு தேர்வு, மறுநாள் முழுக்க அலசல், தவறுகளுக்கென்று தனி நோட்டு. அந்த நோட்டு நிரம்பும்போதுதான் மதிப்பெண் ஏறத் தொடங்கியது.

தேர்வுக்குச் சில வாரங்கள் முன்பு, கேட் இணையதளத்திலேயே மாதிரித் தேர்வு இலவசமாக வரும். நவம்பரில் எழுதப்போகிறவர்கள் அதைத் தவறவிட வேண்டாம்.

ஒரு வாசகர்,
தஞ்சாவூர்.