தலைவாஸ் தோற்கட்டும், கலையாமல் இருக்கட்டும்

ஆடி மாதம் குற்றாலத்தில் சாரல் கட்டினால் அதன் ஈரக்காற்று கீழப்பாவூர் குளத்துக்கரை வரைக்கும் வரும். அப்படியொரு சாரல் காலத்தில்தான், 2017 ஜூலை 28 அன்று, புரோ கபடி லீக்கின் ஐந்தாவது தொடர் தொடங்கியது. எட்டாக இருந்த அணிகள் அந்த ஆண்டு பன்னிரண்டாயின. புதிதாக வந்த நான்கில் ஒன்று தமிழ் தலைவாஸ். சச்சின் டெண்டுல்கர் உரிமையாளர்களில் ஒருவர், கமல்ஹாசன் விளம்பரத் தூதர். அதே ஆண்டில் ஸ்டார் ஸ்போர்ட்ஸின் தமிழ் அலைவரிசையும் தொடங்கியிருந்ததால், சடுகுடு என்று சொல்லியே பழகிய பெரியவர்களும் வீட்டில் உட்கார்ந்து தமிழ் வர்ணனையோடு ஆட்டத்தைப் பார்த்தார்கள். பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கண்ணால் டிவி பார்க்கும் வீடுகளுக்கும் அந்தக் குரல் போய்ச் சேர்ந்தது.

அன்றிலிருந்து 2025 வரை எட்டுத் தொடர்கள் முடிந்துவிட்டன. இந்த எட்டில் ஒரே ஒரு முறைதான் தலைவாஸ் அடுத்த சுற்றுக்குப் போனது. எட்டு முறையும் 'இந்த வருஷம் அணியைப் புதுசா கட்டியிருக்காங்க' என்ற சொல் ரசிகர்களின் காதில் விழுந்தது. கட்டுவது என்றால் என்ன என்பதை அணி நிர்வாகத்தைவிட இந்தப் பக்கத்துக் கபடி ரசிகர்கள் நன்றாக அறிவார்கள். ஊர்க் குழுக்கள் கட்டப்படுவதை அவர்கள் வாழ்நாள் முழுக்கப் பார்த்து வருகிறார்கள்.

கோயில் கொடையையும் பொங்கலையும் ஒட்டித் தென்காசி வட்டாரத்துச் சுவர்களில் 'மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி' சுவரொட்டிகள் முளைக்கும். முதல் பரிசுத் தொகை, சுழற்கோப்பை, சிறந்த ரைடர், சிறந்த பிடியாளர் என்று பட்டியல் நீளும். ஊர்ப் பெயரையோ தெருப் பெயரையோ தாங்கி இறங்கும் குழுவில் ஏழு பேர் ஆடுவார்கள். அந்த ஏழு பேர் வருடாவருடம் கொஞ்சம் மாறுவார்கள். ஒருவருக்குக் கல்யாணமாகும். ஒருவர் திருப்பூருக்கோ கேரளாவுக்கோ வேலைக்குப் போவார். இன்னொருவருக்கு முழங்கால் போய்விடும். அவர்கள் இடத்துக்குப் பள்ளிக்கூடம் முடித்த பையன்கள் வருவார்கள். ஆனால் ஏழு பேரும் ஒரே ஆண்டில் மாறியதாக எந்த ஊரிலும் கதை கிடையாது. வலது கார்னரில் பத்து வருடம் நின்றவர் இருந்தால்தான், பக்கத்தில் நிற்கும் புதுப் பையனுக்கு எப்போது கால் பிடிக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்று தெரியும். சங்கிலி பிடித்து நிற்கும்போது பக்கத்துக் கையின் இழுப்பைப் படிக்கத் தெரிய வேண்டும். அது ஒரு நாளில் வருவதில்லை.

தலைவாஸின் முதல் மூன்று ஆண்டுகள் இதற்கு நேரெதிராகப் போயின. 2016 உலகக் கோப்பையில் இந்தியாவை வெல்ல வைத்த அஜய் தாக்கூர் தலைவராக வந்தார். தனியாளாகப் புள்ளி குவித்தார். தமிழ்நாட்டின் பிரபஞ்சன் முதல் ஆண்டில் அவருக்கு நல்ல துணையாக நின்றார். அப்படியும் 2017இல் தன் பிரிவில் கடைசி இடம். 2018இல் ஜஸ்வீர் சிங், மஞ்சீத் சில்லர், சுகேஷ் ஹெக்டே என்று பெயர் பெற்றவர்கள் சேர்ந்தார்கள். மறுபடியும் கடைசி இடம். 2019இல் ராகுல் சௌத்ரியும் வந்து சேர்ந்தார். ஏட்டில் பார்த்தால் அதைவிடப் பெரிய அணி அந்த லீக்கில் இல்லை. 22 ஆட்டங்களில் வெற்றி 4, பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாவது இடம். அனுபவசாலிகள் பலர் இருந்தும் அவர்கள் ஒன்றாக ஆடிப் பழகவில்லை என்பது கடைசி ஐந்து நிமிடங்களில் ஒவ்வொரு முறையும் வெளிப்பட்டது.

அந்த 2017ஆம் ஆண்டில் இன்னொரு பிரிவின் கடைசியில் கிடந்த அணி தபாங் டெல்லி. அங்கே நடந்ததைத் தலைவாஸ் ரசிகர்கள் மறக்கக் கூடாது. அடுத்த ஆண்டு டெல்லி நவீன் குமார் என்ற பதின்வயதுப் பையனை இறக்கியது. அவரைச் சுற்றியே அணியை வளர்த்தது. 2019இல் இறுதிப் போட்டி வரை வந்து பெங்கால் வாரியர்ஸிடம் தோற்றது. தோற்ற பிறகும் நவீனை விடவில்லை. 2022 பிப்ரவரியில் பாட்னாவை ஒரே ஒரு புள்ளியில், 37-36 என்று வீழ்த்திக் கோப்பையை எடுத்தது. இரண்டு அணிகளும் ஒரே பள்ளத்தில் இருந்துதான் புறப்பட்டன. ஒன்றுக்கு ஒரு பையன் கிடைத்தான், அவனோடு அது நான்கு வருடம் நின்றது. புனேரி பல்தானும் அஸ்லம் இனாம்தார், மோஹித் கோயத் என்ற இளைஞர்களை விடாமல் வைத்திருந்து 2024 மார்ச்சில் கோப்பை கண்டது.

தலைவாஸுக்கும் அப்படி ஒரு ஆண்டு வந்தது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

2022 ஏலத்தில் பவன் செராவத்தை 2 கோடியே 26 லட்சத்துக்கு எடுத்தது அணி. அதுவரை லீக்கில் எவருக்கும் கொடுக்கப்படாத விலை. ஓர் அணி ஏலத்தில் செலவழிக்க அனுமதிக்கப்பட்டிருந்த மொத்தத் தொகை 4 கோடியே 40 லட்சம். அதில் பாதிக்கு மேல் ஒரே ஆளுக்குப் போனது. அக்டோபர் 8, பெங்களூரு, குஜராத்துக்கு எதிரான முதல் ஆட்டம். தொடங்கிச் சில நிமிடங்களிலேயே பவனுக்கு முழங்கால் காயம். தூக்கிக்கொண்டு போனார்கள். அந்தத் தொடர் முழுவதும் அவர் திரும்பவில்லை. அன்று இரவு தலைவாஸ் ரசிகர்கள் பலரும் அந்த ஆண்டையே மனதுக்குள் முடித்துக்கொண்டிருப்பார்கள்.

ஆனால் களத்தில் மிஞ்சியவர்கள் வேறு கணக்குப் போட்டார்கள். அதுவரை பெரிதாக யாரும் கேள்விப்படாத நரேந்தர் என்ற இளைஞர் ரைடுக்குப் போனார், போய்க்கொண்டே இருந்தார். முதல் தொடரிலேயே 200 ரைடு புள்ளிகளைத் தாண்டினார். அஜிங்க்ய பவார் அவருக்குத் தோள் கொடுத்தார். சாகர் ராத்தியும் சாஹில் குலியாவும் இரண்டு கார்னர்களையும் அடைத்துக்கொண்டார்கள். நடுவில் பயிற்சியாளராக அஷான் குமார் வந்தார். சோர்ந்து கிடந்த அணி ஐந்தாவது இடத்தில் முடித்தது. டிசம்பரில் மும்பையில் யு.பி. யோதாஸுடன் 36-36 என்று சமன், டைபிரேக்கரில் 6-4 என்று வெற்றி. அரையிறுதியில் புனேரி பல்தானிடம் 37-39. இரண்டே புள்ளியில் இறுதிப் போட்டி கைநழுவியது. தலைவாஸின் கதையில் மிகச் சிறந்த ஆண்டு என்று இதைத்தான் சொல்ல வேண்டும். விலை கொடுத்து வாங்கிய நட்சத்திரம் ஆடாத ஆண்டு அது.

பவனைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. காயம் யாருக்கும் வரும். அந்த ஆண்டு கண்ணுக்கு எதிரே தெரிந்த ஒரு பாடத்தை அணி பாதி மட்டுமே எடுத்துக்கொண்டது என்பதுதான் வருத்தம். நரேந்தரையும் சாகரையும் வைத்துக்கொண்டார்கள், நல்லது. ஆனால் அடுத்த தொடரில் ஒன்பதாவது இடம் வந்ததும் பொறுமை போய்விட்டது. அஜிங்க்ய பவார் வேறு அணிக்குப் போனார். 2024இல் சச்சின் தன்வருக்கு 2 கோடியே 15 லட்சம், அந்த ஏலத்திலேயே அதிக விலை. மறுபடியும் ஒன்பதாவது இடம். அவரும் அடுத்த ஆண்டே வேறு சட்டையில் ஆடினார். 2025இல் பவன் திரும்பி வந்து தலைவரானார், 1 கோடியே 40 லட்சத்துக்கு மேல் கொடுத்து அர்ஜுன் தேஷ்வாலும் வந்தார், சஞ்சீவ் பலியான் புதிய பயிற்சியாளர். தொடர் தொடங்கிச் சில வாரங்களில் பவன் அணியில் இல்லை. ஒழுங்குக் காரணம் என்று அணி சொன்னது, அவர் மறுத்தார். யார் பக்கம் நியாயம் என்று ரசிகரால் தீர்ப்புச் சொல்ல முடியாது. அர்ஜுன் தேஷ்வால் எவ்வளவோ பாடுபட்டும் முதல் எட்டு இடங்களுக்குள் அணி வரவில்லை.

தோற்கும் அணியைத் திட்டமிட்டுக் கட்டுவதைப் பற்றி உலகில் அதிகம் பேசுகிறவர்கள் அமெரிக்கக் கூடைப்பந்து ரசிகர்கள். அங்கே என்.பி.ஏ. லீக்கில், அடிமட்டத்தில் முடிக்கும் அணிகளுக்கு அடுத்த ஆண்டின் சிறந்த இளம் வீரர்களை முன்னதாகத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு கூடுதலாகக் கிடைக்கும். பிலடெல்பியா செவன்டி சிக்ஸர்ஸ் இதையே ஒரு கொள்கையாக்கியது. 2015-16 பருவத்தில் 82 ஆட்டங்களில் 10 மட்டுமே வென்றது. ஆனாலும் ரசிகர்கள் அரங்கத்துக்கு வந்தார்கள். போகிற வழியை நம்பு என்ற பொருளில் ஒரு கோஷத்தையே வைத்திருந்தார்கள். காரணம், அவர்கள் கையில் ஒரு பெயர் இருந்தது. 2014இல் எடுக்கப்பட்ட ஜோயல் எம்பீட் காயத்தால் இரண்டு பருவங்கள் ஆடவே இல்லை. அவருக்காகக் காத்திருந்தார்கள். 2023இல் அவர் லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருதை வாங்கினார். டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் 2023-24 பருவத்தில் தொடர்ந்து 28 ஆட்டங்கள் தோற்று, மொத்தம் 14 மட்டுமே வென்றது. அடுத்த பருவத்தில் 44 வெற்றி. பயிற்சியாளரை மாற்றினார்கள், அனுபவசாலிகள் சிலரைச் சேர்த்தார்கள், கேட் கன்னிங்ஹாமையும் அவரோடு வளர்ந்த பையன்களையும் கை விடவில்லை.

கபடி லீக்கில் தோற்றால் எந்தச் சலுகையும் இல்லை. எல்லோருக்கும் ஒரே பணப்பை, ஒரே ஏலம். ஏலத்துக்கு முன் சிலரைத் தக்கவைக்கலாம், மற்றவர்கள் மேடைக்குப் போய்விடுவார்கள். ஆக, கடைசி இடம் வந்ததால் தலைவாஸுக்குக் கிடைத்தது ஒன்றுமே இல்லை. கிடைத்திருக்கக் கூடிய ஒரே ஆதாயம், தோல்வியிலும் உடன் நின்று தேறிவரும் இளைஞர்கள்தான். அவர்களையும் ஏலத்தில் கரைய விட்டால் ஒவ்வொரு ஆண்டும் கணக்கு முதலிலிருந்து தொடங்கும்.

இந்த இடத்தில் சிலர் தமிழ்நாட்டு வீரர்களையே எடுக்க வேண்டும் என்று சொல்வார்கள். அதைக் கொஞ்சம் திருத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நரேந்தர் வடக்கே இருந்து வந்தவர். அவர் ரைடுக்குப் போகும்போது இங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தவர்களுக்கு அது ஒரு தடையாக இருந்ததே இல்லை. மூன்று வருடம் கண்முன்னே ஆடினால் ஹரியானாப் பையனும் நம்ம பையன்தான். ஆனால் நம் மண்ணில் ஆட்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். தூத்துக்குடி மாவட்டத்து மணத்தியிலிருந்து புறப்பட்ட கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடினார், அர்ஜுனா விருது பெற்றார். அவர் வாழ்க்கையின் தூண்டுதலில் மாரி செல்வராஜ் எடுத்த 'பைசன்' 2025 தீபாவளிக்கு வந்தது. தஞ்சை மண்ணின் தர்மராஜ் சேரலாதன் தலைமையில்தான் 2016இல் பாட்னா கோப்பை வென்றது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியாவுக்குக் கபடித் தங்கம் வாங்கித் தந்த அணிகளில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகாவும் வடுவூர் அபினேஷும் இருந்தார்கள். ஊற்று வற்றவில்லை.

அப்படியிருக்க, தெற்கு மாவட்டங்களில் கொடை முடிந்த கையோடு, தலைவாஸ் பெயரில் ஒரு தேர்வு முகாம் ஆண்டுதோறும் நடக்கலாம். மண் தரையில் ஆடும் பையன் மேட் விரிப்பில் ஆட ஒரு வருடம் பழக வேண்டும். அந்த ஒரு வருடத்தை அணி கொடுக்கலாம். எடுத்த பையன்களை மூன்று தொடர்களாவது வைத்திருப்போம் என்று வெளிப்படையாகச் சொல்லலாம். ஒருவரை விடும்போது ஏன் விடுகிறோம் என்று இரண்டு வரி எழுதலாம். இதற்கெல்லாம் கோடிகள் தேவையில்லை.

ரசிகர்கள் தங்கள் பங்கைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். பெருந்தொற்றுக் காலத்துத் தொடர் முழுக்கப் பெங்களூரில் பூட்டிய அரங்கில் நடந்தது. அதன் பிறகும் தொடர்கள் சில ஊர்களுக்குள்ளேயே சுருங்கின. 2019க்குப் பிறகு தலைவாஸ் சென்னையில் ஆடியது 2023 டிசம்பரிலும் 2025இலும்தான். கீழப்பாவூரிலிருந்து பார்க்கப் போக வேண்டுமென்றால் மாலையில் தென்காசியில் பொதிகை ஏறி, விடியலில் சென்னையில் இறங்கி, ஆட்டம் பார்த்துவிட்டு மறுநாள் ராத்திரி வண்டி பிடிக்க வேண்டும். இரண்டு நாள் கூலி போகும். போக முடியாதவர்கள் செல்போனில் பார்ப்பார்கள். ஆட்டம் இரவு எட்டு மணிக்கு மேல் என்பதால் கடை அடைத்த பிறகும் பாவூர்சத்திரம் பேருந்து நிறுத்தத்தில் யாராவது ஒருவர் கையில் அந்தத் திரை ஒளிரும். சுற்றி நாலு பேர் தலையைக் கொடுத்து நிற்பார்கள்.

அடுத்த ஏலத்துக்கு முன்னால் தக்கவைக்கப்பட்டவர்கள் பட்டியல் வரும். அதையும் இப்படித்தான் ஒரே போனில் நாலு பேராகப் பார்ப்பார்கள். முதலில் வரும் கேள்வி யாரை எத்தனை கோடிக்கு வாங்கப் போகிறார்கள் என்பதாக இருக்காது.

"லே, நரேந்தர் இருக்கானா பாரு. சாகர்? நம்ம பயலுவ எத்தன பேரு இருக்கானுவ?"