பெரட்டுக்கு வராதவர்

கடந்த ஞாயிற்றுக்கிழமை லூமுட்டில், படகுத்துறைக்குப் பக்கத்து மண்டபம் ஒன்றில், செயற்கை நுண்ணறிவு பற்றி நம் இளைஞர்களுக்கு ஒரு பயிலரங்கு நடந்தது. நல்ல கூட்டம். பேச்சாளர் திரையில் ஒரு வரியைக் காட்டினார்: உன் உற்பத்தித்திறனே உன் மதிப்பு. மண்டபம் கைதட்டியது. எனக்கோ எரிச்சல் வந்தது; அது இன்னும் அடங்கவில்லை.

அவர் சொன்ன மற்ற செய்திகளில் குறை சொல்ல எதுவும் இல்லை. கணக்கு எழுதும் வேலை, கடிதம் எழுதும் வேலை, மொழிபெயர்ப்பு என்று பலவற்றை இனி இயந்திரம் பார்த்துக்கொள்ளும், பிள்ளைகள் தயாராக இருக்க வேண்டும் என்றார். சரிதான். இந்த வாரம் அதையே எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு அந்த ஒரு வரி புதிதல்ல. நம் பாட்டன் பாட்டிகளை அந்த வரியை வைத்துத்தான் அளந்தார்கள். அளந்து எழுதிய புத்தகத்துக்குப் பெயர் செக்ரோல்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குச் செக்ரோல் பற்றிய என் ஆதங்கம் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். விடியும் முன்னே பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. கங்காணி ஆட்களை நிறுத்துவார், கிராணி பெயர் கூப்பிடுவார். ஆள் நின்றால் புத்தகத்தில் ஒரு நாள் விழும். காய்ச்சலில் படுத்தால் விழாது. மழை பிடித்துக்கொண்டால் ரப்பர் பால்வெட்டு இல்லை, கூலியும் இல்லை. வீடும் அந்தப் புத்தகத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டதுதான். குடும்பத்தில் பெயர் கொடுக்க ஆள் இல்லாமல் போனால், முப்பது நாற்பது வருடம் உழைத்த கிழவனும் கிழவியும் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்டங்கள் துண்டு துண்டாகக் கைமாறியபோது, அப்படி எத்தனை குடும்பங்கள் சித்தியவான், ஆயர் தாவார் பக்கம் புறம்போக்கில் கொட்டகை போட்டன என்பதைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அந்தப் புத்தகங்கள் எங்கே போயின? எங்கள் தோட்டத்து ஆபீஸ் பின்கட்டில் அவை அடுக்கடுக்காகக் கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன். நீளவாக்கில் தைத்த கனத்த புத்தகங்கள், முதுகில் சிவப்புத் துணி, பாதிக்கு மேல் கறையான். ஒரு பக்கத்தைத் திருப்பினால் பெயர், தகப்பன் பெயர், முப்பத்தொரு கட்டம். அந்தக் கட்டங்களில் நம் மக்களின் ஒவ்வொரு நாளும் இருக்கிறது. பிள்ளை பெற்ற மாதம் தெரியும், மலேரியா வந்த மாதம் தெரியும். பேராக்கில் நம் வரலாற்றை எழுதுவதற்கு இதைவிடப் பெரிய ஆவணம் ஏது? உங்கள் வீட்டுப் பரணில் ஒன்று இருந்தால், தயவுசெய்து பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடாதீர்கள். இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதுவேன்.

செக்ரோல் எவ்வளவு முக்கியமோ, அதில் இல்லாத ஆட்களும் அவ்வளவு முக்கியம். எங்கள் லயத்தில் எனக்குச் சித்தப்பா முறையில் ஒருவர் இருந்தார். பிறவியிலேயே இடக்கை சூம்பிப் போனவர். உளி பிடிக்க முடியாது, பால் வாளி தூக்க முடியாது. பெரட்டில் அவர் நின்றதே இல்லை. ஆனால் சம்பள நாள் சாயங்காலம் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பால் டின்னில் அளந்த அரிசி அவர் வாசலுக்குப் போகும். கொண்டுபோய்க் கொடுப்பது பிள்ளைகளான எங்கள் வேலை. யாரும் சங்கம் வைத்துத் தீர்மானம் போடவில்லை. “சித்தப்பாவுக்குக் கொடுத்துட்டு வாடா” என்று அம்மா சொல்வார், அவ்வளவுதான். அவர் அறுபதைத் தாண்டி வாழ்ந்தார்.

சித்தப்பாவைப் போன்ற ஒருவர் நம் மாநிலத்தில் வெகு காலத்துக்கு முன்பே வாழ்ந்திருக்கிறார். லூமுட்டிலிருந்து கோலகங்சாரைத் தாண்டி வடக்கே போனால் லெங்கோங். சுண்ணாம்புக் குன்றுகளும் குகைகளும் நிறைந்த பள்ளத்தாக்கு. ஏறக்குறைய 20 லட்சம் ஆண்டு மனித நடமாட்டத்தின் தடயங்கள் அங்கே இருப்பதாகச் சொல்லி, 2012ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. அங்கே குனோங் ருந்தோ குகையில், 1990களின் தொடக்கத்தில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் சுரைனா மஜீத் தலைமையிலான குழு ஓர் எலும்புக்கூட்டைத் தோண்டி எடுத்தது. அவர்தான் பேராக் மனிதன். ஏறக்குறைய 11,000 ஆண்டு பழையவர். நாற்பதைத் தாண்டிய ஆண்; ஐந்தடிக்குச் சற்றே மேல் உயரம். ஆராய்ந்தபோது தெரிந்தது: அவருக்கு இடக்கை பிறவியிலேயே குறை. விரல்களின் நடு எலும்புகள் சரியாக வளரவில்லை.

அவர் வாழ்ந்த காலத்தில் அந்தப் பள்ளத்தாக்கில் பயிர் இல்லை, சேமிப்பு இல்லை. வேட்டையும் பொறுக்கலும்தான் சோறு. அப்படிப்பட்ட கூட்டத்தில் ஒரு கை விளங்காத குழந்தை பிறந்து, பால் குடித்து, வளர்ந்து, நடுவயது கடந்திருக்கிறது. இறந்த பிறகு அவர் கால்களை மடக்கி, கருவில் இருக்கும் பிள்ளைபோல வளைத்துக் கிடத்தியிருக்கிறார்கள். கூடவே கல்லாயுதங்கள், விலங்கு இறைச்சி, ஆயிரக்கணக்கான ஆற்று நத்தைகள். அந்த வகை நத்தையை லெங்கோங் மக்கள் இன்றும் நுனியை வெட்டித் தேங்காய்ப்பாலில் சமைத்து உறிஞ்சிச் சாப்பிடுகிறார்கள்.

அவர் ஒரு வேலையும் செய்ய முடியாதவராகத்தான் இருந்தார் என்று எலும்பை வைத்துச் சொல்லிவிட முடியாது. தலைவராக இருந்திருக்கலாம், மருத்துவராக இருந்திருக்கலாம் என்று ஊகிப்பவர்கள் உண்டு. இருக்கட்டும். எனக்கு அவரைப் புதைத்த அந்தக் குழியே போதும். குகைத் தரையைக் கல்லாலும் கம்பாலும் தோண்டியது உழைப்பு. ஆற்றில் இறங்கி நத்தை பொறுக்கியது உழைப்பு. தாங்கள் தின்றிருக்கக்கூடிய இறைச்சியை மண்ணுக்குள் வைத்தது, பசி தெரிந்தவர்கள் செய்த காரியம். செத்தவரிடமிருந்து திரும்ப வர எதுவும் இல்லை என்று அவர்களுக்குத் தெரியாதா?

ஈராக்கின் ஷானிடார் குகையில் 1957ல் கிடைத்த நியாண்டர்தால் மனிதரும் இப்படித்தான். வலக்கை சூம்பியவர், ஒரு கண் பார்வை இழந்தவர், நாற்பது வயதளவும் வாழ்ந்தவர். நம் வாட்ஸ்அப் குழுக்களிலோ வேறொரு கதை ஓடுகிறது. நாகரிகத்தின் முதல் அடையாளம் உடைந்து கூடிய தொடை எலும்பு என்று மானிடவியலாளர் மார்கரெட் மீட் சொன்னாராம். அவர் நூல்களில் அப்படி ஒரு வாசகம் இருப்பதாக யாரும் காட்டவில்லை. அந்தக் கதை நமக்கு எதற்கு? நம் மாநிலத்திலேயே நிஜ எலும்பு இருக்கிறது.

அந்தப் பயிலரங்கில் நடந்ததுபோல, மனிதன் என்றால் என்ன என்ற கேள்வியை இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிறுத்திக் கேட்டால், யார் வேகம், யார் திறமை என்றுதான் பேச்சு போகும். அந்தப் போட்டியில் நாம் தோற்றுக்கொண்டே இருப்போம். பெரட்டுக்கு வர முடியாதவருக்கும் சோறு உண்டு என்று முடிவு செய்த கூட்டம் எதுவோ, அதுதான் மனிதக் கூட்டம். லெங்கோங் குகைவாசிகள் அந்த முடிவை எடுத்தார்கள். வெள்ளைக்காரத் துரையின் கணக்குப் புத்தகத்துக்குக் கீழே நசுங்கிக் கிடந்தபோதும் நம் லயத்துப் பெண்கள் அதையே செய்தார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் மண்டபத்தில் உட்கார்ந்து அந்த வரிக்குக் கைதட்டக் கூடாது.

மஞ்சோங் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பள்ளிச் சுற்றுலாவுக்கு நீர்ப் பூங்காவை விட்டுவிட்டு, பிள்ளைகளை லெங்கோங் தொல்லியல் காட்சியகத்துக்குக் கூட்டிப்போங்கள். குகைக்குள் போவதென்றால் முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே பேராக் மனிதனின் இடக்கையைக் காட்டி, இவருக்கு நத்தை பொறுக்கிக் கொடுத்தவர்கள் யாராக இருக்கும் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். அவர்கள் எழுதித் தரும் பதில்களை எனக்கு அனுப்பி வையுங்கள். இந்தப் பத்தியின் இடத்தை ஒரு வாரம் அவர்களுக்கே தருகிறேன்.