வேலிக்கு இரு பக்கமும் யானைகள்

2025 பெப்ரவரி 20ஆம் திகதி விடியுமுன், ஹபரணைக்கு அருகே கல்லோயாப் பகுதியில், கொழும்புக்கும் மட்டக்களப்புக்கும் இடையே ஓடும் மீனகயா புகையிரதம் யானைக் கூட்டமொன்றின் மீது மோதியது. ஆறு யானைகள் மாண்டன. புகையிரதம் தடம் புரண்டது. பயணிகள் உயிர் தப்பினர்.

கொம்பனித்தெருவில் நான் வழமையாகத் தேநீர் அருந்தும் கடையில் அன்று முழுவதும் இதே பேச்சு. மட்டக்களப்பில் மகளைக் கட்டிக் கொடுத்திருக்கும் பெரியவர் ஒருவர், "புகையிரதம் எப்போது மறுபடி ஓடுமாம், தம்பி?" என்று என்னிடம் கேட்டார். அது நியாயமான கவலை. அருகிலிருந்த இன்னொருவர், "யானைக்கு அந்த இடத்தில் என்ன வேலை?" என்றார். என்னை உறுத்தியது இந்த இரண்டாவது கேள்வியே. ஏனென்றால் அரை நூற்றாண்டாக இந்நாட்டின் யானைக் கொள்கை முழுவதும் இந்தக் கேள்வியின் மேல்தான் கட்டி எழுப்பப்பட்டிருக்கிறது. யானை பூங்காவுக்குள் இருக்க வேண்டியது. வெளியே கண்டால் அது அத்துமீறல். துரத்து, வேலி போடு.

கலாநிதி பிருதிவிராஜ் பெர்னாண்டோவும் அவருடைய சகாக்களும் நாடு முழுவதையும் ஆராய்ந்து 2021இல் வெளியிட்ட கணக்கின்படி, இலங்கையின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 60 சதவீதத்தில் யானைகள் உலவுகின்றன. அப்படி அவை உலவும் நிலத்தில் ஏறத்தாழ 70 சதவீதத்தில் மனிதர்களும் குடியிருக்கிறார்கள். ஆகவே "காட்டுக்குள் போ" என்று யானையிடம் சொல்வது, அதன் பெரும்பகுதி வீட்டை விட்டு ஒரு மூலை அறைக்குள் போ என்று சொல்வதாகும். கொம்பனித்தெருக்காரருக்கு இதை விளக்க நான் அதிகம் பாடுபட வேண்டியதில்லை. 2010இல் மியூஸ் வீதியில் வீடுகள் இடிக்கப்பட்டபோது, தலைமுறையாக அங்கே வாழ்ந்தவர்களிடம் "உங்களுக்கு வேறிடம் தருகிறோம்" என்றுதான் சொன்னார்கள்.

பூங்காக்கள் எப்படி வந்தன என்பதையும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 1977க்குப் பின் துரித மகாவலித் திட்டம் வந்தது. காடுகள் வயல்களாயின. அங்கிருந்த யானைகளுக்கு ஈடாக மாதுறு ஓயா, வஸ்கமுவ, வெள்ளச் சமவெளி, சோமாவதி ஆகிய தேசியப் பூங்காக்கள் 1983 முதல் 1986 வரை அறிவிக்கப்பட்டன. அவற்றுக்கிடையே யானைகள் போய்வர இணைப்பு வழிகள் வேண்டும் என்பதும் அப்போதே பேசப்பட்டதுதான். பூங்காக்கள் வரைபடத்தில் நிலைத்தன. வழிகளோ குடியேற்றங்களும் வீதிகளும் கால்வாய்களும் தின்றது போக எஞ்சியவையே.

நாளொன்றுக்கு நூற்றைம்பது கிலோ அளவில் தீனி தேடும் விலங்கு யானை. அடர்ந்து முதிர்ந்த காட்டில், உயர்ந்த மரங்களின் நிழலில், அதற்கு எட்டும் உயரத்தில் உணவு குறைவு. சேனைப் பயிர் செய்து விட்ட நிலத்தில் மறுபடி முளைக்கும் பற்றையும் புல்லும், வறட்சியில் நீர் வற்றிய குளங்களின் அடிநிலத்தில் தழைக்கும் பசும்புல்லுமே அதற்கு விருந்து. ஆகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் மின்னேரியாக் குளக்கரையில் யானைகள் நூற்றுக்கணக்கில் கூடுவதைக் காண உலகெங்குமிருந்து ஆட்கள் வருகிறார்களே, அந்தக் காட்சியின் காரணம் இந்தப் புல்தான். அவை மின்னேரியாவுக்கும் கவுடுல்லவுக்கும் ஹுருலுக் காட்டுக்கும் இடையே போய்வந்தே ஆண்டைக் கழிக்கின்றன. மொரகஹகந்தை நீர் வரத் தொடங்கிய பிறகு வறண்ட மாதங்களிலும் குளம் நிரம்பி நின்று புல்வெளி மூழ்குகிறது என்பது சூழலியலாளர்களின் முறைப்பாடு. ஒரு வாசல் மூடினால் யானை அடுத்த வாசலைத் தட்டும். அடுத்த வாசல் சில வேளைகளில் தண்டவாளம்.

இனி வேலிகளுக்கு வருவோம். நாட்டில் மின்சார யானை வேலிகள் இன்று பல ஆயிரம் கிலோமீற்றர் நீளத்துக்கு நிற்கின்றன. அவற்றில் கணிசமான பகுதி எங்கே நிற்கிறது தெரியுமா? வனஜீவராசிகள் திணைக்களத்தின் நிலத்துக்கும் வன பரிபாலனத் திணைக்களத்தின் நிலத்துக்கும் நடுவே! இந்தப் பக்கமும் காடு, அந்தப் பக்கமும் காடு. இந்தப் பக்கமும் யானை, அந்தப் பக்கமும் யானை. இரண்டு திணைக்களங்களின் எல்லையை யானை மதிக்க வேண்டும் என்பதற்காக மக்கள் பணத்தில் கம்பி இழுத்திருக்கிறோம். நாற்பது ஆண்டுகள் பத்திரிகைத் தொழிலில் இருந்து எத்தனையோ அரசாங்க விநோதங்களைக் கண்டவன் நான். இதற்கு ஈடானது நினைவுக்கு வரவில்லை.

துரத்தலின் கதை இதைவிடக் கொடியது. இரண்டாயிரங்களில் தெற்கே யானைகளைத் திரட்டி லுணுகம்வெஹெரப் பூங்காவுக்குள் விரட்டி வேலியிட்டு அடைத்தார்கள். உள்ளே சென்றவை பெரும்பாலும் பெண் யானைகளும் குட்டிகளும். அவை எலும்பும் தோலுமாகிச் செத்தன. வயலை அதிகம் மேய்பவை வளர்ந்த ஆண் யானைகள். அவையோ துரத்தலுக்கு எளிதில் அகப்படுவதில்லை; அகப்பட்டாலும் திரும்பி வந்துவிடுகின்றன. வெடிக்கும் துப்பாக்கிக்கும் பழகிய அந்த யானைகள் முன்னைவிட மூர்க்கமாகின்றன. குற்றம் செய்யாத தாயும் பிள்ளையும் பட்டினி கிடக்க, விவசாயியின் வீட்டுச் சுவர் முன்போலவே இடிந்தது.

விவசாயிக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். 2021இன் முற்பகுதியில் அம்பாந்தோட்டை மாவட்டத்தின் வல்சபுகலவில் விவசாயிகள் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். அவர்களின் கோரிக்கை யானைகளைக் கொல்லுங்கள் என்பதல்ல, பிடித்துக்கொண்டு போங்கள் என்பதும் அல்ல. முகாமைத்துவ யானைச் சரணாலயத்தை வர்த்தமானியில் அறிவியுங்கள், யானைக்கு அதன் நிலத்தை உறுதி செய்யுங்கள், அப்போதுதான் எங்கள் நிலம் எங்களுக்கு மிஞ்சும் என்றே கேட்டார்கள். துறைமுகம், 2013இல் திறந்து விமானம் வராமல் கிடந்த மத்தளை விமான நிலையம், கைத்தொழிற் பேட்டை என்று யானைக் காட்டைக் கூறுபோட்டவர்கள் கொழும்பில் இருந்தார்கள். யானை வந்து நின்றதோ ஏழையின் முற்றத்தில். பின்னர் வர்த்தமானி வெளிவந்தது, 23,000 ஹெக்டேயருக்கும் மேற்பட்ட நிலத்துக்கு. கொழும்பின் சூழல் ஆர்வலர்களும் அதிகாரிகளும் சேர்ந்து சாதிக்காததை வயலில் நின்றவர்கள் சாதித்தார்கள். எமது தமிழ்ப் பத்திரிகைகளில் அதற்கு எத்தனை அங்குல இடம் கிடைத்தது என்று எண்ணிப் பார்க்க வெட்கமாக இருக்கிறது.

என் தொழிலின் பங்கையும் சொல்லியே ஆக வேண்டும். "காட்டு யானைகள் அட்டகாசம்" என்ற தலைப்பை எத்தனை தடவை நானே எழுதியிருப்பேன்! படுவான்கரையிலிருந்து செய்தி வரும்: வெள்ளாவெளியில் வீடு உடைப்பு, தென்னை சரிப்பு, வயோதிபர் பலி. தலைப்பு எப்போதும் தயாராக இருக்கும். போர்க்காலத்தில் மக்கள் கைவிட்டுப் போன வயல்கள் பற்றையாகி, யானைகள் அங்கே ஒரு தலைமுறை வாழ்ந்துவிட்டன என்பதையோ, மீளக் குடியேறிய மக்களுக்கு அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் தகரக் கொட்டில் கொடுத்து இறக்கிவிட்டார்கள் என்பதையோ அந்தத் தலைப்புக்குக் கீழே எழுதியதில்லை. செத்த மனிதரும் செத்த யானையும் ஒரே நிர்வாகத் தவறின் இரண்டு பக்கங்கள். 2019இல் 400க்கும் மேற்பட்ட யானைகளும் 120 பேரளவில் மனிதரும் மாண்டனர். 2023இல் யானைகள் 470க்கும் மேல். மனிதர் 150க்கும் மேல். 2011இன் தேசியக் கணக்கெடுப்பில் யானைகள் 5,879 என்பதையும் சேர்த்துப் படியுங்கள். துப்பாக்கியும், சட்டவிரோத மின்கம்பியும், பூசணிக்காய்க்குள் வெடிமருந்து மறைத்து வைக்கும் ஹக்க பட்டாசும்தான் பெருங்கொலைஞர்கள். பட்டாசு வாயைச் சிதைத்த யானை உடனே சாவதில்லை. தின்னவும் குடிக்கவும் இயலாமல் நாட்கணக்கில் அலைந்து சாகும். அவற்றில் பெரும்பாலானவை இளம் யானைகள்.

செய்ய வேண்டியது என்னவென்று தெரியாமல் இருந்தால் மன்னிக்கலாம். ஜனாதிபதி நியமித்த குழுவொன்று பிருதிவிராஜ் பெர்னாண்டோ தலைமையில் 2020இல் தேசியச் செயற்திட்டத்தை எழுதிக் கொடுத்தது. காட்டின் ஓரத்தை விட்டுவிட்டுக் கிராமத்தைச் சுற்றியும், விளைச்சல் காலத்தில் மட்டும் வயலைச் சுற்றியும் வேலி போடுங்கள், வேலியைக் கிராமத்தவரே பராமரிக்கட்டும் என்பது அதன் சாரம். அறுவடை முடிந்ததும் வயல் வேலி அகலும், யானை வைக்கோலையும் தாளையும் மேயும். வேலி இருக்க வேண்டிய இடம் மனிதரைச் சுற்றி. யானையைச் சுற்றி அல்ல. இன்றும் அதிலிருந்து சில துண்டுகளே நடைமுறைக்கு வந்திருக்கின்றன.

அயலில் நடப்பதையாவது பாருங்கள். நீலகிரியின் சீகூர் யானை வழித்தடத்தைத் தமிழ்நாடு அரசு 2010இல் அறிவித்தது. விடுதி உரிமையாளர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2020 ஒக்டோபரில் நீதிமன்றம் யானையின் பக்கம் நின்றது. கோயம்புத்தூருக்கு அருகே மதுக்கரையில் 2021இல் மூன்று யானைகள் புகையிரதத்தில் அடிபட்டு இறந்தன. 2024இல் அங்கே தண்டவாளத்தோரம் கோபுரங்கள் நட்டு, யானை நெருங்கினால் கண்டு ஓட்டுநருக்கு எச்சரிக்கை அனுப்பும் ஏற்பாடு செய்தார்கள். தமிழ்நாடு எல்லாவற்றிலும் எமக்கு முன்னோடி என்று சொல்ல வரவில்லை; அங்கும் செங்கற்சூளைகளும் மின்வேலிகளும் உண்டு. ஆனால் கல்லோயாவில் யானைகள் எங்கே தண்டவாளத்தைக் கடக்கின்றன என்பது புகையிரத ஓட்டுநர்களுக்குப் பல காலமாகத் தெரியும். 2024 ஒக்டோபரில்தான் மின்னேரியாவில் எண்ணெய்ப் புகையிரதம் மோதி இரண்டு யானைகள் செத்தன. நான்கு மாதம் கழித்து ஆறு.

எமக்கு யானை மீது அன்பில்லை என்று எவரும் சொல்ல முடியாது. கண்டிப் பெரஹராவில் தந்தப் பேழை சுமந்த நெதுன்கமுவ ராஜா 2022 மார்ச்சில் இறந்தபோது அதன் உடலைத் தேசியப் பொக்கிஷமாகப் பேண உத்தரவானது. என் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், பேரை வாவியைச் சுற்றி, நவம் பௌர்ணமியையொட்டி கங்காராம விகாரையின் பெரஹரா போகும்போது சங்கிலி கட்டிய யானைகளுக்காக வீதிகளை மணிக்கணக்கில் மூடுவார்கள். பொலிஸார் கைகோத்து நிற்பார்கள். ஹபரணையில் புகையிரதத்தை இருபது நிமிடம் மெதுவாக ஓட்டச் சொன்னால் மட்டும் நேர அட்டவணை குழம்பிவிடுமாம்.

வடக்குக் கிழக்கு நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒன்று. ஒவ்வொரு வரவுசெலவுத் திட்ட விவாதத்திலும் எழுந்து இன்னும் யானை வேலி தாருங்கள் என்று கேட்கிறீர்கள். அடுத்த தடவை அந்த வேலி எந்தக் கோட்டில் நிற்கும், வேலிக்கு அப்பாலும் காடா, அதைப் பராமரிப்பது யார், 2020ஆம் ஆண்டுத் திட்டத்தில் உங்கள் மாவட்டத்துக்கு எழுதியது என்ன ஆயிற்று என்று கேளுங்கள். பதில் வந்தால் எனக்கும் அனுப்புங்கள். வெளியிடுகிறேன்.